மாங்குளத்தில் முதலில் கீறவேண்டியது தண்ணீர் போகும் வழி

மாங்குளம் சந்தியில் காணி விலை விசாரிக்க வருபவர்கள் கூடிவிட்டார்கள். வராமல் என்ன செய்வார்கள்? வடக்கே கிளிநொச்சி, தெற்கே வவுனியா என்று ஏ9 வீதி ஓடுகிறது. கிழக்கே ஏ34 ஒட்டுசுட்டான் தாண்டி முல்லைத்தீவுக்குப் போகிறது. மேற்கே திரும்பினால் மல்லாவி, துணுக்காய், வெள்ளாங்குளம். வட மாகாணத்தின் நிர்வாக நகரை இங்கேயே அமைக்கலாம் என்ற பேச்சும் பல வருடமாக இருக்கிறது. 1990 இல் நின்றுபோன ரயில், 2013 இல் ஓமந்தையிலிருந்து கிளிநொச்சி வரை மீண்டும் ஓடத் தொடங்கியபோது எங்கள் ஊருக்கும் அது திரும்பி வந்தது. இனி நகரம் வளரும். வளரட்டும், அதைத்தான் நாங்கள் எல்லோரும் விரும்பினோம். ஆனால் எந்த ஒழுங்கில் வளரப்போகிறது என்பது பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

நான் வீதி வேலைகளுக்குப் படம் கீறிப் பிழைத்தவன். பெரிய பாலங்கள் என் கைக்கு வந்ததில்லை. வீதிக்குக் கீழால் தண்ணீரை விடும் மதகு, சிறு பாலம், வாய்க்கால் வீதியைக் கடக்கும் இடம், இவைதான் என் மேசைக்கு வரும். வீதியில் போகிறவர் கண்ணில் படாத சாமான்கள். மாரி வந்தால் மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் வரும்.

அக்காவின் மகன் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் நகரத் திட்டமிடல் படிக்கிறான். பாடவேலைக்கு மாங்குளத்தை எடுத்து, இருபத்தையாயிரம் பேர் வாழக்கூடிய ஒரு புதுநகரைக் கணினியில் கீறிக்கொண்டு லீவில் வந்து நின்றான். ஊர்ப் பிள்ளை ஒருவன் கொழும்பை விட்டு எங்கள் சந்தியைத் தன் பாடமாக எடுத்தான் என்பதே எனக்குப் பெரிய சந்தோசம். படமும் அழகாக இருந்தது. பஸ் நிலையம், சந்தை, மர நிழல் வீதிகள், இரண்டு பூங்கா. நடுவில், ரயில் பாதைக்குக் கீழே ஒரு சுரங்க வீதி.

“கடவையில ஆக்கள் சாகினம் மாமா. றோட்டைக் கீழால விட்டா ரயிலும் நிக்கத் தேவையில்லை, வாகனமும் நிக்கத் தேவையில்லை” என்றான்.

அவன் சொன்ன காரணம் சரியானது. ஏ9 உம் ரயில் பாதையும் அருகருகே ஓடுகின்ற இந்த வன்னி நீளத்துக்கும், காவலாளி இல்லாத கடவைகளில் எத்தனையோ குடும்பம் ஆட்களைப் பறிகொடுத்திருக்கிறது. ஆகவே நான் வேண்டாம் என்று வாயால் சொல்லவில்லை. ஒரு கொப்பித் தாளை எடுத்து இரண்டு பேருமாகக் கணக்குப் பார்த்தோம்.

லொறி போவதற்கு 5 மீற்றர் உயரம் வேண்டும். ரயில் பாதையைத் தாங்கும் கொங்கிறீற்றுக்கும் மேலே உள்ள கல்லுக்கும் இன்னொரு மீற்றர். அப்படியென்றால் வீதி, தண்டவாளத்திலிருந்து 6 மீற்றர் கீழே போக வேண்டும். பாரம் ஏற்றிய வாகனம் ஏறி இறங்க 20 மீற்றருக்கு 1 மீற்றர் சாய்வு வைத்தால் ஒரு பக்கத்துக்கு 120 மீற்றர். நடுப்பகுதியையும் வளைவுகளையும் சேர்த்தால் மொத்தம் 300 மீற்றர் நீளமான பள்ளம். சுரங்கம் என்று நாம் சொல்லும் மூடிய பகுதி அதில் ஒரு சிறு துண்டுதான். மற்றதெல்லாம் வானம் பார்த்த வெட்டு.

சரி, அந்த வெட்டு 10 மீற்றர் அகலம் என்று வையுங்கள். 3,000 சதுர மீற்றர். எங்கள் மாரியில் ஒரு மணித்தியாலத்துக்கு 50 மில்லிமீற்றர் கொட்டுவது நடக்காத கதை அல்ல. அந்த ஒரு மணித்தியாலத்தில் பள்ளத்துக்குள் நேராக விழும் மழை மட்டும் ஒன்றரை இலட்சம் லீற்றர். 6,000 லீற்றர் பவுசரில் அள்ளினால் இருபத்தைந்து பவுசர். பக்கத்து வீதிகளிலிருந்து வழிந்து வருவது வேறு கணக்கு. இவ்வளவையும் பம்ப் வைத்துத்தான் மேலே தள்ள வேண்டும், ஏனென்றால் இறங்கி ஓட அதைவிடப் பள்ளமான இடம் பக்கத்தில் எங்கும் கிடையாது. வன்னி தட்டையான நிலம். காற்றும் மழையும் சேர்ந்து வரும் இரவில் முதலில் போவது மின்சாரம். ஜெனரேற்றர் வேண்டும், அதற்கு எண்ணெய் வேண்டும், நடுச்சாமத்தில் அதை இயக்க ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு வருடம் முழுவதும் சம்பளம் வேண்டும்.

மேலே இருந்து வருவது அவ்வளவு. கீழே இருந்து வருவதைப் பற்றி அவன் யோசித்திருக்கவில்லை. கார்த்திகை, மார்கழியில் எங்கள் கிணறுகளை எட்டிப் பாருங்கள். துலாவும் வேண்டாம், கயிறும் வேண்டாம், குனிந்து வாளியால் கோலலாம். அதாவது நிலத்தடி நீர் ஏறக்குறைய நிலமட்டத்துக்கு வந்து நிற்கிறது. அந்த நீருக்குள் 5 மீற்றர் ஆழத்தில் ஒரு கொங்கிறீற்றுப் பெட்டியை வைத்தால், அதன் அடித்தளத்தின் ஒவ்வொரு சதுர மீற்றரையும் தண்ணீர் 5 தொன் விசையோடு மேலே தள்ளும். கொங்கிறீற்று கனமீற்றருக்கு 2.4 தொன். பாரத்தால் மட்டும் அதை அமத்தி வைப்பதென்றால் தளமே 2 மீற்றர் தடிப்புக்கு மேல் போக வேண்டும். இல்லையென்றால் அடியில் கம்பி இறக்கிக் கட்டி வைக்க வேண்டும். எதைச் செய்தாலும் காசு. அந்தக் காசுக்கு இந்த நகரத்தில் வேறு என்னவெல்லாம் செய்யலாம் என்று எனக்குத் தெரியும்.

இந்த நாட்டில் சுரங்கம் இல்லையா என்று கேட்டான். இருக்கிறது. நுவரெலியா போகும் ஏ5 வீதியில் றம்பொடையில் 225 மீற்றர் நீளத்துக்கு மலையைக் குடைந்து 2008 இல் திறந்தார்கள். அங்கே மலை சரிந்து வீதி மூடுபடும் இடம், வேறு வழியில்லை. தண்ணீருக்கும் சுரங்கம் இருக்கிறது. பொல்கொல்லையில் மகாவலியை மறித்து 8 கிலோமீற்றர் அளவு சுரங்கத்தால் உக்குவளைக்குத் திருப்பியது 1976 இல். மேல் எலஹெர கால்வாய்க்காகத் தோண்டும் சுரங்கம் 28 கிலோமீற்றர் அளவு. இவற்றில் எல்லாம் தண்ணீர் தன் பாரத்தால் தானே ஓடி மறுபக்கம் வெளியே போகும், ஏனென்றால் மறுபக்கம் பள்ளம். எங்களிடம் மறுபக்கமும் இதே மட்டம்தான். கீழே இறங்கிய தண்ணீர் கீழேயே நிற்கும்.

பிறகு அவன் மேம்பாலம் கீறினான். அதற்கும் ஏறக்குறைய இதே நீளம் வேண்டும், இன்னும் கொஞ்சம் கூட வேண்டிவரும், ஆனால் மழை தானாக வழிந்து போகும். எனக்கு அதைவிடப் பிடித்தது அவனுடைய மூன்றாவது யோசனை. ரயில் பாதையின் இரண்டு பக்கமும் ஆரம்பப் பள்ளிக்கூடம், சிறு சந்தை, மருந்து எடுக்கும் இடம் என்று பிரித்து வைத்தால், ஒரு நாளைக்குக் கடவையைத் தாண்ட வேண்டிய சனமே பாதியாகக் குறையும். மிச்சமுள்ள கடவைகளுக்குக் காவலாளியும் படலையும். இப்படி யோசிக்கத்தானே அவனைப் படிக்க அனுப்பியது.

வீதிக்குக் கீழே உண்மையாகவே வேண்டியது மதகுகள். இதைப் பற்றித்தான் நான் ஓயாமல் பேசுவேன், வீட்டில் கேட்டுக் கேட்டு அலுத்துப் போனார்கள்.

வன்னியில் தண்ணீர் ஓடை பிடித்து மட்டும் ஓடுவதில்லை. நிலத்தில் பரவி, பார்வைக்கே தெரியாத சாய்வில் நகரும். ஒரு சிறு குளம் நிரம்பி வான் பாய்ந்தால், அதாவது மேலதிக நீர் வழிய விட்ட இடத்தால் வெளியே பாய்ந்தால், அந்தத் தண்ணீர் வயலால் போய் அடுத்த குளத்தை நிரப்பும், அது அதற்கடுத்ததை. எங்கள் முன்னோர் இந்தச் சாய்வைக் கண்ணாலும் காலாலும் அளந்து குளக்கட்டுப் போட்டார்கள். அதற்குக் குறுக்கே பிற்காலத்தில் வந்த இரண்டு நீண்ட அணைகள்தான் ஏ9 உம் ரயில் பாதையும். வீதியைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் உயரும். மதகு மட்டும் பழைய வாய் அளவோடு நின்றால், மேல்பக்கத்து வீடுகளுக்குள் தண்ணீர் ஏறாமல் என்ன செய்யும்?

நகரம் வந்தால் இது இன்னும் மோசமாகும். 100 ஹெக்டேயர் காடு என்று வைப்போம். பாலையும் வீரையும் பற்றையும் நிற்கிற நிலத்தில் விழும் மழையில் காற்பங்கு அளவுதான் உடனே ஓடி வரும், மற்றதை மண் குடிக்கும். மணித்தியாலத்துக்கு 60 மில்லிமீற்றர் மழைக்கு, அந்த நிலத்திலிருந்து மதகுக்கு வருவது வினாடிக்கு 4 கனமீற்றர் அளவு. அதே நிலத்தைக் கூரையும் காபெற் வீதியும் சீமெந்து முற்றமுமாக மாற்றுங்கள். பத்தில் ஏழு பங்கு ஓடி வரும். இப்போது வினாடிக்குக் கிட்டத்தட்ட 12 கனமீற்றர். 3 அடி விட்டமுள்ள ஒரு குழாய், வினாடிக்கு ஒரு கனமீற்றருக்குச் சற்று மேலாகத்தான் விடும். காட்டுக்காகப் போட்ட நான்கு குழாய் மதகு, நகரத்துக்குப் பத்துக் குழாய் கேட்கும். அதற்கு வீதி போட்டு, கடை கட்டி, கரண்ட் கம்பம் நட்ட பிறகு இடம் தேட முடியாது.

ஆகவே பிள்ளையிடம் சொன்னேன், தம்பி, வீதியை அழித்துவிட்டு முதலில் தண்ணீர் போகும் வழியைக் கீறு. எந்தக் குளத்தின் வான் எங்கே போகிறது, குளம் நிரம்பினால் தண்ணீர் தொடும் அலைகரை எதுவரை, மாரியில் எந்தப் பள்ளம் நிரம்புகிறது. அதற்கெல்லாம் நீலம் அடி. மிச்சம் உள்ள வெள்ளையில் வீதி போடு, வீடு போடு. பள்ளக் காணியைக் கிரவல் கொட்டி உயர்த்தி விற்பதை நகரத் திட்டம் தடுக்க வேண்டும். ஒருவன் உயர்த்தினால் அவன் தப்புவான், தண்ணீர் பக்கத்துக் காணிக்குப் போகும்.

2018 மார்கழி வெள்ளத்தை இங்கே எவரும் மறந்திருக்க மாட்டார்கள். கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தைப் புனரமைத்து, 36 அடி கொள்ளக்கூடியதாகத் திறந்துவைத்து இரண்டு மூன்று கிழமைதான். ஒரே இரவில் ஆறு திரண்டு வந்து, வான்கதவுகள் திறந்து, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றன. அந்தத் தண்ணீரைக் கொண்டு வந்தது கனகராயன் ஆறு. வவுனியாவின் வடக்கே தொடங்கி, எங்கள் பக்கத்தால் வந்து, இரணைமடுவை நிரப்பி, சுண்டிக்குளம் கடலேரியில் சேர்கிற ஆறு. மாங்குளம் அந்தக் குளத்துக்கு மேலே, ஆறு வரும் பக்கத்தில் இருக்கிறது. நாங்கள் கொட்டும் கூரைத் தண்ணீரும், வாய்க்காலில் விடும் அழுக்கும் கடைசியில் போய்ச் சேருவது கிளிநொச்சிக்காரரின் குளத்துக்குள்.

இது குடிதண்ணீர்க் கதைக்கு என்னைக் கொண்டுவந்து விடுகிறது. இருபத்தையாயிரம் பேருக்கு, ஆளுக்கு நாளொன்றுக்கு 120 லீற்றர் என்றால் 30 இலட்சம் லீற்றர். குழாயில் ஒழுகிப் போவதையும் சேர்த்து 40 இலட்சம் என்று வைக்க வேண்டும். வருடத்துக்கு ஏறக்குறைய 1,200 ஏக்கரடி. ஒரு ஏக்கரில் ஒரு அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர்தான் ஒரு ஏக்கரடி. இரணைமடு ஒரு இலட்சம் ஏக்கரடிக்கு மேல் கொள்ளும் குளம். நூற்றில் ஒரு பங்குதானே, தந்தால் என்ன என்று யாழ்ப்பாணத்துச் சினேகிதர் ஒருவர் கேட்டார்.

அப்படிக் கேட்கிறவர்கள் கிளிநொச்சி விவசாயியோடு ஒரு ஆவணி மாதம் குளக்கட்டில் நின்று பேச வேண்டும். அவர்கள் குளத்தை ஏக்கரடியில் பேசுவதில்லை, அடியில் பேசுவார்கள். குளம் 15 அடி நிற்குது, 12 அடிக்கு வந்திட்டுது என்று. 1902 இல் தொடங்கி 1920 இல் முடித்த அந்தக் குளத்தை நம்பித்தான் 1936 இலிருந்து அங்கே குடியேற்றம் நடந்தது. மாரி விதைப்பான காலபோகம் மழையோடு ஒப்பேறிவிடும். கோடை விதைப்பான சிறுபோகத்துக்குத் தண்ணீர் போதாமல், வயலில் ஒரு பகுதியை மட்டும் பங்கு பிரித்து விதைக்கிற வருடங்கள் உண்டு. அப்படியான வருடத்தில் அந்த நூற்றில் ஒரு பங்கும் யாரோ ஒருவருடைய வயல். யாழ்ப்பாணத்துக்கு அந்தக் குளத்திலிருந்து நீர் கொண்டுபோகும் திட்டத்தை அவர்கள் எதிர்த்தது இதனால்தான். கடைசியில் தாளையடியில், நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஆவணியில் திறக்கப்பட்டது. யாழ்ப்பாணத்துக்குக் கடல் பக்கத்தில் இருக்கிறது. மாங்குளத்துக்குக் கடலும் தூரம்.

கிணறும் குழாய்க்கிணறும் போதாதா? பழைய மாங்குளத்துக்குப் போதும். வளவு ஏக்கர்க்கணக்கில் இருந்த காலத்தில் கிணறு ஒரு மூலையில், மலக்குழி மறு மூலையில். இரண்டே பரப்புச் சிறு காணியில் இரண்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் விட முடியும்? யாழ்ப்பாணக் கிணறுகளில் நைத்திரேற்று ஏறியதற்கு உரத்தோடு மலக்குழியும் காரணம். வன்னியின் தெற்கில் கருங்கல் நிலம், நீர் நிற்பது மேல் மண்ணிலும் கல்லின் வெடிப்புகளிலும்தான், ஆழம் போகப் போகப் புளோரைட்டும் கடினத்தன்மையும் கூடும் இடங்கள் நிறைய. குடிநீரில் புளோரைட்டுக்கு இலங்கைத் தரம் வைத்த எல்லை லீற்றருக்கு 1 மில்லிகிராம். வவுனியாவில் சிறுநீரக நோயால் வாடும் குடும்பங்களைப் பார்த்தவர்கள் இதை இலேசாக எடுக்க மாட்டார்கள். இயந்திரத்தால் வடித்துச் சுத்தமாக்கிய ஆர்.ஓ. தண்ணீரைக் கானில் வாங்கிக் குடிக்கும் பழக்கம் இப்போதே வந்துவிட்டது. கூலிக்குப் போகும் வீட்டில் குடிக்கிற தண்ணீருக்கும் காசு கொடுப்பது எனக்கு வயிற்றெரிச்சல்.

அயலில் இரண்டு வழி செய்து பார்த்திருக்கிறார்கள். மன்னார் நகரம் முருங்கன் பக்கத்துக் குழாய்க்கிணறுகளிலிருந்து தண்ணீர் எடுக்கிறது. வவுனியா பேராற்றை மறித்துக் குடிநீருக்கென்றே ஒரு நீர்த்தேக்கம் கட்டியது. எனக்கு வவுனியா வழிதான் பொருத்தமாகப் படுகிறது. மாங்குளத்துக்கென்று, வயலுக்குப் பாத்தியதை இல்லாத ஒரு தேக்கம், அதற்குமேல் ஒரு மரமும் வெட்டப்படாத நீரேந்துப் பரப்பு. ஆழமாக இருக்க வேண்டும். சோளகக் காற்றுக் காலத்தில் திறந்த நீரிலிருந்து நாளுக்கு 5 மில்லிமீற்றர் ஆவியாகப் போனால் இருநூறு நாளில் ஒரு மீற்றர் போய்விடும். இரண்டரை மீற்றர் ஆழக் குளத்தில் அது பெரிய பங்கு. மாரியில் ஆறு கடலுக்கு அள்ளிக்கொண்டு போகும் தண்ணீரில் கொஞ்சத்தை மறித்தால் போதும். எந்த மட்டத்துக்குக் கீழே இரணைமடு நின்றால் நாங்கள் ஒரு சொட்டும் மறிக்க மாட்டோம் என்பதையும் அடிக்கணக்கில் எழுதி, விவசாயிகள் சங்கத்தோடு கையெழுத்து வைக்க வேண்டும்.

குடித்துக் குளித்த தண்ணீரில் எண்பது வீதம் கழிவாகத் திரும்பி வரும், நாளுக்கு 24 இலட்சம் லீற்றர். பிள்ளையின் முதல் படத்தில் அதற்கு இடமே இல்லை. இப்போது சுத்திகரிப்புக்கு நகரத்தின் தாழ்ந்த பக்கத்தில் பத்து ஏக்கர் ஒதுக்கியிருக்கிறான். பள்ளிக்கூடங்களுக்கும் கந்தோர்களுக்கும் கூரை மழைத்தொட்டி கட்டாயம் என்றும் எழுதினான். நூறு சதுர மீற்றர் கூரையில் வருடத்துக்கு ஒரு இலட்சம் லீற்றர் பிடிக்கலாம், நல்ல விடயம்.

இன்னொன்று, செலவு குறைந்த காரியம். புது வீதி போடும்போதே, காபெற் விரிக்குமுன், நூறு இருநூறு மீற்றருக்கு ஒன்றாகக் குறுக்கே வெறும் குழாய்களைப் புதைத்து வாயை மூடி வைக்கலாம். தண்ணீர்க் குழாயோ தொலைபேசிக் கம்பியோ பிறகு அதற்குள்ளால் போகும். புதுவீதியை வெட்டிக் குழாய் தாட்டு, பள்ளத்தை மண்ணால் மூடிவிட்டுப் போவதைப் பார்க்கும்போது எனக்கு மேலில் வெட்டுவது போலிருக்கும். ஏற்கெனவே போட்ட ஏ9 க்குக் கீழே, வெட்டாமல் பக்கத்தில் குழி எடுத்து இரும்புக் குழாயைத் தள்ளிச் செலுத்தலாம். இந்த நகரத்துக்கு நான் விரும்பும் சுரங்கம் இவ்வளவுதான்.

இப்போது எங்களுக்கு ஒரு உதவி வேண்டும். மாங்குளம், ஒலுமடு, பனிக்கன்குளம், கனகராயன்குளம் பக்கத்தில் இருப்பவர்கள் 2018 மார்கழி வெள்ளம் உங்கள் சுவரில், கிணற்றுக் கட்டில், மரத்தில் எந்த உயரம் வரை நின்றது என்று ஞாபகம் இருந்தால், அந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு போட்டு, நிலத்திலிருந்து எத்தனை அடி என்று எழுதி அனுப்புங்கள். எந்த மதகு அடைபட்டது, எந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் வந்தது என்பதும் வேண்டும். வயதானவர்களிடம் அதற்கு முந்திய வெள்ளங்களையும் கேளுங்கள். தம்பி மட்டக்கருவி இரவல் எடுத்துக்கொண்டு அடுத்த லீவுக்கு வருகிறான். ஒவ்வொரு கோட்டின் உயரத்தையும் நேரில் வந்து அளந்து படத்தில் ஏற்றுவோம்.